ஒரே ஒரு ஆட்-ஆனுக்கு இடம்

— அப்போ இன்னைக்கும் கையெழுத்து கெடையாது, அப்படித்தான?

— கெடையாதுனு யாரு சொன்னா மாரி? எறக்கிட்டு போட்றேன்னுதான் சொல்றேன்.

— பதினோரு வாட்டி எறக்கியாச்சு. பதினோரு வாட்டியும் கடலுக்குள்ள.

— ஒம்போது தபாதான் கடலு. ஒரு தபா மல. ஒரு தபா பச்ச பசேல்னு புல்லு வெட்டி வெச்ச ஒரு எடம், இன்னா எடம்னே தெரியல, அதுல போய் சொருவிட்டேன். குத்தம் சொல்றதுனா ஒயுங்கா சொல்லு.

— என்னைய வெளிநாட்டுக்கு அனுப்புத அந்தச் சம்மதக் கடுதாசிய நாளைக்குக் காலம்பற நான் எச்.ஆர்ட்ட குடுத்தாவணும். அஞ்சு பத்துக்குக் கம்பெனி பஸ்ஸு வந்துரும். ஞாயித்துக்கெழம மத்தியானம் மணி மூணு ஆவுது, நீங்க டிவி முன்னால சம்மணம் போட்டு உக்காந்து கடை பாத்துக்கிட்டு இருக்கிய.

— கடை இல்ல, ஆட்-ஆனு. ப்ளேன் ஓட்ற கேமோட வர்றது வெறும் இட்லி. தனியா காசு குடுத்து வாங்கற ஆட்-ஆனுதான் சட்னி, சாம்பாரு.

— இட்லியே தொண்டையில சிக்குது. இதுல சாம்பாரு வேற.

— பேசு, பேசு. ஒரகடம் வேர்ஹவுஸ்ல போய் தசரதன்னா யாருன்னு கேட்டுப் பாரு. பத்து வருஷமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்றேன், ஒரு பொட்டி கீய வுய்ந்தது கெடையாது. தோ, செவுத்துல சர்டிபிகேட்டு தொங்குது.

— தொங்குதது தெரியுது. ஒட்டடையும் தொங்குது. பொட்டி வேற, ப்ளேன் வேற.

— அத்த கண்டுபுடிக்கத்தான் எனக்கு பதினோரு தபா ஆச்சு.

— யாரு ஒங்கள அப்படி வாக்கு குடுக்கச் சொன்னா? போன்ல எங்க அப்பா, பக்கத்துல ஒங்க அம்மா, மாடி ரூம்பு அருள்பாண்டி வேற நிக்கான். அம்புட்டு பேரு முன்னாலயும் நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'இந்தக் கேமுலயே பினாங்குல மாரிய ஒரு வாட்டி நான் பத்திரமா எறக்கிக் காட்டிட்டுத்தான் கையெழுத்து போடுவேன்'னு சொன்னது நீங்கதான?

— ஒரு உதாருக்கு சொன்னேன். ஒரே நாள்ல முடிஞ்சுடும்னு நெனிச்சேன். அருள்பாண்டி அவன் ரூம்ல டீ குடிச்சிகினே எறக்கறான். அதே கேமு. அதே கேம் பொட்டி. நான் தொட்டாதான் பேய்க்காத்து அடிக்குது. அந்த ஊரு காத்துக்குக் கூட என் மூஞ்சிய கண்டா புடிக்கல.

— அங்கன எப்பவும் மழையும் காத்தும்தான். நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா. அந்தந்த ஊருல என்ன வானிலையோ அத அப்படியே கேமு காட்டும்.

— அவனுக்கு மட்டும் வெயிலு காட்டுதே.

— அவன் எப்போ ஓட்டுனானோ. ரொம்பக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. நான் எச்.ஆர்ட்ட பேசிருதேன். என் லைன்ல வேல பாக்க சுகப்பிரியா பொட்டி கட்டி ரெடியா இருக்கா, அவளே போவட்டும்.

— சே, இன்னா பேச்சு இது. நானூறு பேர்ல அஞ்சு பேர பொறுக்கி எடுத்துகீறாங்க. எறும்பு காலு மாறி ஒயரு, அத்த லென்ஸ்ல குனிஞ்சு பாத்து நீ பத்த வெப்ப. உன் கை நடுங்காதுனு உன் சூப்பர்வைசரே சொன்னாரு. ஒரு வருஷம் போய் அந்தப் புது மிஷினு கத்துகினு வந்தா நீ லைன் லீடரு. அத்த நான் கெடுத்தேன்னு ஆவணுமா?

— ஒங்களாலதான் போவலன்னு சொன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாவ.

— யாரும் நெனைக்க மாட்டாங்க. நான் நெனைப்பேன். மாரி, ஒண்ணு கேக்கவா? இப்டியே சைன் போட்டு குடுத்துட்டா இன்னா? எறக்கினனா இல்லியானு யாரு வந்து பாக்கப் போறா?

— அதெல்லாம் கூடாது. சொன்ன சொல்லு சொல்லுதான். எறக்கிட்டுத்தான் போடணும்.

— பாரு. ஊரு ஒலகத்துல பொண்டாட்டிங்க சைன் போடு சைன் போடுனு சண்ட போடுவாங்க. நீ இன்னாடான்னா ரூல்ஸ் பேசற.

— சரி, பேசாம ஆட்-ஆனப் பாருங்க. எத வாங்கப் போறிய?

— அங்கதான் பேஜாரு. பொட்டில எடம் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் போட முடியும். அதுவும் உள்ள கீறதுல ஒண்ண தூக்கி வீசினாதான்.

— உள்ள என்னத்தப் போட்டு ரொப்பி வச்சிருக்கிய?

— வாணாம். சொன்னா சிரிப்ப.

— சிரிக்க மாட்டேன்.

— மொத மொத வாங்கினது ப்ளேன் இல்ல, ஏர்போர்ட்டு இல்ல. ஏர்போர்ட்ல கீய ஓடற வண்டிங்க. போட்டோல அந்த லோடரு அப்டியே என் வண்டி மாறி இருந்துச்சு. மஞ்ச கலரு, முன்னால ரெண்டு கொம்பு. மனசு கேக்கல, வாங்கிட்டேன். அன்னிக்கு ப்ளேனே ஏத்தல மாரி. ஒன்ற மணி நேரம் அந்த லோடர்காரன் பொட்டி ஏத்தறத பாத்துகினு இருந்தேன்.

— ஆத்தாடி.

— சிரிக்க மாட்டேன்னு சொன்ன. அதுலயும் அவன் ஹார்ன் அடிக்காம ரிவர்ஸ் எடுத்தான். எங்க சைட்ல அப்டி எடுத்தா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்புவாங்க. வாய் சும்மா இருக்கல, திட்டிட்டேன்.

— அன்னைக்குத்தான் அத்தை ஓடி வந்தாவளாக்கும். மகனுக்கும் மருமவளுக்கும் சண்டைன்னு நெனச்சிட்டாவ.

— வாரம் ஆறு நாளு வண்டி ஓட்றவன் லீவு நாள்ல இன்னா பண்ணுவான்? படம் பாப்பான், பீச்சுக்கு போவான். நான் இன்னொருத்தன் வண்டி ஓட்றத குந்திகினு பாக்கறேன். இந்தப் பொயப்புக்கு ஓவர்டைம் காசு வேற குடுக்கணும் எனக்கு.

— அடுத்தது?

— தங்கக் கலரு ப்ளேனு. பளபளன்னு இருந்துச்சு. வாங்கினப்பறம்தான் தெரிஞ்சுது, அது நம்ப தாத்தா காலத்து வண்டி. ஆட்டோபைலட்டு கெடையாது. நாலு பேருதான் குந்த முடியும். மீனம்பாக்கத்துலேர்ந்து கெளம்பினேன், செம்பரம்பாக்கம் ஏரி தாண்டல. உள்ள போச்சு.

— அது பதினோரு வாட்டி கணக்குல சேத்தியா?

— அது ஏரி. கணக்குல வராது. அப்பால ஏர்ஹோஸ்டஸ் அம்மா பேசற ஆட்-ஆனு. அது இங்கிலீசுல இன்னாவோ சொல்லும். எனக்கு பாதிதான் புரியும். ஆனா மரியாதியா பேசும் மாரி. கேப்டன்னு கூப்புடும். வேர்ஹவுஸ்ல எவன் என்ன அப்டி கூப்புடறான்? 'ஏய் தசா, லோடிங் பே நாலுக்கு வா'ன்னுதான் கொரலு வரும்.

— விழப் போறப்பக் கூட அவ 'எங்ககூட வந்ததுக்கு நன்றி'ன்னு சொன்னாளே. எனக்குச் சிரிப்பு தாங்கல.

— எனக்கு கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்பால நீ கேட்டியேனு வாங்கினது, அந்த மழக்கால மேகம். கருமேகம், இடிமேகம்னு ஒரு கூட பூரா மேகம்.

— அத எடுத்துராதிய. அழகா இருக்கும்லா.

— அத்த தொடுவனா? இந்தப் பொட்டி வாங்கின நாள்லேர்ந்து நீ வாயத் தொறந்து ஆசையா கேட்டது அது ஒண்ணுதான்.

— ம்.

— இன்னா ம்?

— ஒண்ணும் இல்ல. கொழம்பு அடி பிடிக்குதான்னு மோந்து பாத்தேன்.

— கொயம்புனு சொல்லாத. போன ஞாயித்துக்கெயம நீ கொயம்பு தாளிச்சதுல போனதுதான் என் பத்தாவது ப்ளேனு.

— நானா கீழ போட்டேன்? ப்ளேன ஆகாசத்துல விட்டுட்டு டூட்டிக்குப் போற மனுசன இந்த ஒலகத்துல யாராச்சும் பாத்திருப்பாவளா?

— கணக்கு சரியாதான் போட்டேன். சென்னைலேர்ந்து பினாங்கு நாலு மணி நேரம். கம்பெனில ஓவர்டைமும் நாலு மணி நேரம். காலைல எட்டு மணிக்கு ஏத்தி, ஆட்டோபைலட்டு போட்டு, டிவிக்கு ஒரு கும்புடு போட்டுட்டு போனேன். பன்னெண்டு மணிக்கு வந்து குந்தினா எறக்க வேண்டியது பாக்கி. சூப்பர்வைசரு இன்னா பண்ணான்? ரெண்டு கண்டெய்னரு வந்துட்ச்சு, இன்னும் ரெண்டு மணி நேரம் இருங்கன்னுட்டான்.

— அவருட்ட என்ன காரணம் சொன்னிய?

— இன்னானு சொல்றது? 'சார், என் ப்ளேன் பறந்துகினு கீது, நான் போவணும்'னா? சொல்லிட்டேன் மாரி. வாய் தவறி வந்துட்ச்சு. பே நாலுல கீற ஆளுங்க எல்லாம் இன்னி வரைக்கும் என்ன பாத்தா ரெண்டு கையையும் விரிச்சு ஆட்டிக் காட்றானுங்க.

— போன் போட்டு என்னையப் பாத்துக்கச் சொன்னிய. நான் அடுப்பு வேலைய முடிச்சிட்டு வந்து பாக்கும்போதே கடல்ல கெடந்துச்சு.

— டீசலு தீந்துட்ச்சு போல.

— ப்ளேனுக்கு டீசல் இல்ல.

— பாரு, பொண்டாட்டிக்குத் தெரியுது, கேப்டனுக்குத் தெரியல. சரி, எத்த தூக்கறது? லோடருதான். இன்னா பண்றது. போய்ட்டு வாப்பா. இனிமே ரிவர்ஸ் எடுக்கச் சொல்ல ஹார்ன் அடி.

— கண்ணு கலங்குதா?

— லேசா. சரி, இப்ப வா இப்டி பக்கத்துல. மூணு ஆட்-ஆனு கீது, நீ சொல்லு. ஒண்ணு, பெரிய ப்ளேனு. உன்ன இட்டுகினு போப் போறாங்களே, அதே மாடலு. ரெண்டு, பினாங்கு ஏர்போர்ட்டு. ஒவ்வொரு கதவும், டாய்லெட்டு போர்டு மொதக்கொண்டு அப்டியே பண்ணி வெச்சுகீறானாம். மூணு, நம்ப மீனம்பாக்கம்.

— பினாங்கத்தான வாங்கணும்? வாக்கு அதுதான.

— நானும் அப்டிதான் நெனிச்சேன். ராத்திரியெல்லாம் அதுதான் யோசிச்சேன்.

— ராத்திரியெல்லாம் கொறட்ட விட்டிய.

— யோசிச்சுகினே வுட்டேன். மாரி, இத்த பாரு. ஏத்தறதுக்கு முன்ன ஒரு பக்கம் வருது பாரு. எந்த சீட்ல யாரு, எத்தினி கிலோ.

— அம்பத்தி ரெண்டு. இது என்ன, ஒரே ஒரு ஆளு?

— பதினாலு ஏ. ஜன்னல் சீட்டு. அது நீ.

— நானா?

— பதினோரு தபாவும் உன்னதான் ஏத்தினேன். மத்த சீட்ல யாரயும் ஏத்தல. அடுத்தவன் உசுரு நமக்கு எதுக்கு? கீய பாரு, பைனு போட்டு ஏழு கிலோ. அது உன் பருப்புப் பொடி, கருவாடு.

— பொட்டிக்கு முப்பது கிலோ விடுவாவ.

— அப்போ இருபத்தி மூணு கிலோ எங்க ஆயா ஊறுகா போடலாம். சிரிக்காத. ஒவ்வொரு தபா வுயும்போதும் டிவி கருப்பாயிடும். அப்ப மொதல்ல எனக்கு ஞாபகம் வர்றது பதினாலு ஏ. கேமுதான்னு தெரியும். நாப்பது வயசு ஆம்பள, தொப்ப வெச்சவன், பொம்ம ப்ளேன் வுய்ந்ததுக்கு பாத்ரூம்ல போய் மூஞ்சி கய்விகினு வருவேன். பதினோரு தபா பொண்டாட்டிய சாவடிச்சவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாதான் இருப்பேன்.

— என்ட்ட ஏன் சொல்லல?

— சொன்னா போவ மாட்ட. அதான். எனக்கு பயமா கீது மாரி. ஒளிச்சு வெச்சு ஒன்னியும் ஆவப் போறதில்ல. ரொம்ப பயமா கீது.

— ப்ளேனுக்கா?

— ப்ளேனுக்கும்தான். அத்த ஓட்ற ஆளு என்ன மாறி இல்ல, படிச்சிட்டு வந்தவரு, உன்ன பத்திரமா கொண்டு போய் அங்க எறக்கிடுவாரு. போறது பத்தி இல்ல என் பயம். ஒரு வருஷம் அங்க இருப்ப. புது ஊரு, புது ஆளுங்க, கையில தொயிலு. அங்கியே இன்னும் ரெண்டு வருஷம் இருனு சொன்னா இருந்துடுவியோனு ஒரு நெனப்பு. என்னான்ட இன்னா கீது? ஒரு மஞ்ச வண்டி, அதுவும் கம்பெனிது.

— என்ன பேச்சு பேசுதிய.

— அதான் முடிவு பண்ணிட்டேன். பினாங்கு வாணாம், மீனம்பாக்கமே போட்றேன். நீ திரும்பி வர்றதுதான் எனக்கு முக்கியம். வெட்டியா வாங்கினது எல்லாம் போவட்டும், ஒர்த்தா ஒண்ணு வாங்கணும்னா இதான். நீ போனப்பறம் தெனம் சாய்ந்திரம் டூட்டி முடிஞ்சு வந்து உன்ன பதினாலு ஏல குந்த வெச்சு, அங்கேர்ந்து இட்டுகினு வந்து நம்ப ஊர்ல எறக்கிட்டு, அப்பால தான் சோறு. முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளு. இது ஒரு வேண்டுதல்னு வெச்சுக்கோ.

— கொழம்ப எறக்கி வச்சிட்டு வாரேன்.

— இன்னா மாரி? மூஞ்சி ஒரு மாறி ஆயிட்ச்சு.

— ஒண்ணும் இல்ல. தெனமும் நாலு மணி நேரம் பறந்தா சோறு ஆறிப்போயிரும்.

— நடுவுல ஜம்ப் பண்ணிக்கலாம், அருள்பாண்டி சொல்லிக் குடுத்துகீறான். உன் போனு குடு, நெட்டு போடணும். என்னுது இன்னிய கோட்டா தீந்துட்ச்சு. காலைல ஏ ஷிப்டு என் போனு, இப்ப பி ஷிப்டு உன் போனு.

— இந்தாங்க. எங்க அப்பா கூப்புட்டா நெட்டு நின்னு போவும், சொல்லிட்டேன்.

— மாமா காலைல கூப்ட்டாரே.

— திரும்பவும் கூப்புடுவாவ. கயத்தாறு பஸ் ஸ்டாண்டு பூரா சொல்லி முடிச்சாச்சு. எம்மவ வெளிநாட்டுக்குப் போறான்னு டீக்கடையில, சலூன்ல, மாட்டாஸ்பத்திரியிலயும் சொல்லியிருக்காவ. லைன்ல அன்னைக்குப் பேரு வாசிச்சதும் எல்லாரும் கை தட்டுனாவ. கேக்கு வெட்டுனாவ. அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்க முடியுமா?

— எதுக்கு வாயத் தொறக்கணும்?

— சும்மா சொன்னேன். எம்புட்டு வந்திருக்கு?

— தோ, முக்கா வாசி. ஆங், முடிஞ்சுது. கைய தொடச்சிகினு வந்து குந்து. இன்னிக்கு தூரமா இல்ல, கிட்டக்கவே ஆரம்பிச்சுக்கறேன். பினாங்கு எல்லாம் தாண்டி வந்தாச்சு, வாலாஜாபாத்து மேல கீறோம்.

— ஏங்க, அது நம்ம ரோடுதான?

— நம்ப ரோடேதான். அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரு, இந்தப் பக்கம் ஒரகடம். தெனம் நம்ப வூட்டு மேல ஒரு ப்ளேன் தாழ்வா போவுமே, அதே வழி. தோ, வல்லம். தோ பாரு நம்ப வூடு.

— எது? எட்டு மாடிக் கட்டடமா நிக்கு?

— தப்பா கட்டி வுட்டுகீறான். ஆனா கீய கிணறு கீது பாரு. எங்க அம்மா பாத்தா வாடகைக்கு வுட்டுடும். அய்யய்யோ, இரு, இரு. ஆடுது.

— என்னாச்சு?

— காத்து. நாப்பத்தி ரெண்டு காட்டுது. பாரு, கண்டமேனிக்கு சாயுது. இது இன்னா மாரி அநியாயம்? ஜன்னல் வழியா பாரு, வேப்ப மரத்துல ஒரு எல ஆடல. மண்டைய பொளக்கற வெயிலு. டிவிக்குள்ள கீற மெட்ராஸ்ல மட்டும் புயலு.

— அது, நெட்டு லேசா லேட்டா வரும் போல.

— நவம்பர் மாசத்து மயைய இப்ப காட்டறான்னா, எத்தினி மாசம் லேட்டு? இந்த ஆட்-ஆனும் ராங்கா போச்சா? என் ராசிய இன்னானு சொல்றது. எத்த வாங்கினாலும் அதுல ஒரு வுய்ற ப்ளேன் சேந்து வருது.

— வாசல்ல யாரோ கூப்புடுதாவ பாருங்க.

— முனிரத்தினம், தண்ணி கேனு. இந்நேரத்துலதான் வரணுமா அவனுக்கு? தோ வரேன்பா, ரெண்டு கேனும் அங்கியே வெய்யி. மாரி, நிறுத்தி வெச்சுகீறேன். இந்த ரிமோட்ட கையில சும்மா புடிச்சுகினு இரு. ஒன்னியும் அமுக்காத.

— எனக்கு என்ன தெரியும்? பிடிச்சிக்கிட்டு மட்டும் இருக்கேன். பைய வாங்க. காலி கேனு ரெண்டும் பின்னால கெடக்கு, அதையும் எடுத்துக் குடுத்துருங்க.

— எங்க, தொட்டி பக்கத்துலயா?

— தொட்டிக்கு அந்தாண்ட. நல்லாத் தேடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.

— ஒண்ணுதான் கீது.

— இன்னொண்ணு மாடிப்படிக்குக் கீழ.

— கெடச்சுது. அப்பாடா, முதுவு புடிச்சுகிச்சு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவன் வூட்ல கேனு கையாலதான் தூக்கணும். குடு இப்டி. எதுனா அமுக்கினியா?

— இல்ல. எறக்குங்க நீங்க.

— எறக்கறனோ வுயறனோ, பதினாலு ஏ, பெல்ட்ட இறுக்கிப் போட்டுக்கோ. ஓட வுட்டாச்சு. இன்னாது இது?

— என்ன?

— காத்து நாலுன்னு காட்டுது. மேகத்த காணோம். வெயிலு அடிக்குது மாரி, டிவிக்குள்ள வெயிலு. தோ செம்பரம்பாக்கம், தண்ணி அப்டியே கண்ணாடி மாறி.

— ரோட்டப் பாருங்க, ஏரிய அப்புறம் பாக்கலாம்.

— தோ குன்றத்தூர் மல. தோ பம்மலு. சக்கரம் எறக்கிட்டேன். ஏர்ஹோஸ்டஸ் அம்மா பேசுது, கேக்குதா? மாரி, ரன்வே கோணயா தெரியுது.

— பேசாம நேராப் பிடிங்க. கோடு தெரியுதுல்லா, அந்த வெள்ளக் கோடு. அதுக்கு நடுவுல. பைய. இன்னும் பைய. மூக்கு லேசாத் தூக்குங்க.

— தூக்கிட்டேன். தூக்கிட்டேன்.

— தொட்டுட்டு.

— தொட்டுட்ச்சு. ஓடுது. நிக்குது. நின்னுட்ச்சு மாரி. நிக்குது பாரு, முழுசா நிக்குது, றெக்க ரெண்டும் கீது. எறங்கு, எறங்கு, உன் பைய எடுத்துகினு எறங்கு. நான் வாசல்ல நிக்கறேன்னு வெச்சுக்கோ.

— எறங்கிட்டேன்.

— எங்க அந்தக் கடுதாசி? பொட்டிக்கு அடியிலதான் வெச்சேன். தோ. பேனா குடு. எந்த எடத்துல? இங்கயா? த-ச-ர-த-ன். பாரு, கையெய்த்து கூட ஆடல. அட, இன்னா மாரி, அய்ற? சந்தோஷத்துக்கு யாரும் இப்டி அய்ய மாட்டாங்க.

— அழல. வெயிலு.

— வூட்டுக்குள்ள இன்னா வெயிலு? இரு, அருள்பாண்டிக்கு மொதல்ல போனப் போட்றேன். இத்தினி நாளு அவன் என்ன பாத்து சிரிச்சான்ல. சொல்றேன் அவனுக்கு, தம்பி, ஓட்றது ஒரு மேட்டரே இல்ல, ஆட்-ஆன பாத்து வாங்கத் தெரியணும். இந்த மீனம்பாக்கத்த போட்டேன், அடுத்த நிமிசம் புயலே அடங்கிட்ச்சு பாருன்னு.

— அவனுக்கு அப்புறம் போன் போடலாம், மொதல்ல அந்தப் பேனாவ மூடி வைங்க. பதினோரு வாட்டியும் நீங்க அந்தாண்ட திரும்புன நேரத்துல அந்த மேகத்தையும் காத்தையும் கேமுல போட்டு வச்சது நான்தான், கை தட்டுன அத்தன பேருட்டயும் எனக்குப் போவப் பயமா இருக்குன்னு சொல்ல வாய் வராம ஒங்க கையாலயே இது நின்னு போவட்டும்னு வச்சேன், இன்னைக்கு நீங்க கேனு தேடப் போனப்போ அத எடுத்து விட்டதும் நான்தான்.